சர்க்கரை ஏறினால் கால் விரல் ஏன் முதலில் மரத்துப்போகிறது?

சர்க்கரை நோய் வந்து சில வருடங்கள் ஆனவர்கள் பலர் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி வலி, அதுவும் ராத்திரியில் அதிகம். செருப்பு கழன்றதே தெரியவில்லை என்பவர்களும் உண்டு. ரத்தம் உடம்பு முழுக்கத்தானே ஓடுகிறது, கால் விரலுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

காரணம் நீளம். விரல் நுனியின் தொடுவுணர்வைச் சுமக்கும் நரம்பு செல்லின் உடல், இடுப்புப் பக்கம் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து விரல் வரை ஒரே இழை, ஏறக்குறைய 1 மீட்டர். இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை செல்லின் உடலில் தயாராகி, இழைக்குள்ளேயே நகர்ந்து நுனிக்கு வந்து சேர வேண்டும். வேகமான சரக்கே நாளொன்றுக்கு 40 செ.மீ. அளவுதான் போகும், மெதுவானது சில மில்லிமீட்டர். வழியில் எங்கே கோளாறு என்றாலும் முதலில் பட்டினி கிடப்பது நுனி. மரப்பு முழங்காலை நெருங்கும் சமயத்தில்தான் பொதுவாகக் கைவிரலிலும் தொடங்கும்.

சரி, கோளாறு எப்படி வருகிறது? தசைக்குள் குளுக்கோஸ் தாராளமாக நுழைய இன்சுலின் வேண்டும். நரம்புக்கு அது தேவையில்லை; ரத்தத்தில் ஏறினால் நரம்புக்குள்ளும் ஏறிவிடும். மிஞ்சியதை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சார்பிட்டாலாக மாற்றுகிறது. இதில் செலவாகும் பொருள்தான் செல்லின் ஆக்சிஜனேற்றத் தடுப்புக்கும் வேண்டும். அது குறைய, செல்லின் தற்காப்பும் தளர்கிறது. அந்த நொதியைத் தடுத்தால் போதுமே என்று மருந்துகள் செய்து பார்த்தார்கள். பெரும்பாலானவை ஏமாற்றிவிட்டன. குற்றவாளி ஒருவன் இல்லையே! நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் சுவர் தடித்துக் குறுகுகின்றன, குளுக்கோஸ் புரதங்களிலும் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கிறது.

எரிச்சல் தானாக நின்றால் குணமாகிவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. இழை செத்துப்போனாலும் வலி நிற்கும். அப்புறம் முள் குத்தினாலும் தெரியாது. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் மருத்துவர் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பலன் உண்டா? முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, கடுமையான கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பைச் சுமார் 60% குறைத்ததாக 1993-இல் காட்டியது. இரண்டாம் வகையில் பலன் இவ்வளவு இல்லை.

எல்லா மரப்பையும் சர்க்கரையின் தலையில் கட்டிவிடவும் முடியாது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும், அதுவும் கால்களை மரக்க வைக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.