பிள்ளை பெற்றவளின் மனநலம்: அரசிடம் கேட்டு வாங்க வேண்டியவை

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்குத் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். தனி விண்ணப்பம் எதுவும் போட வேண்டியதில்லை. வெளிநோயாளர் சீட்டு போட்டு மனநலப் பிரிவுக்குப் போனால் போதும். வழி இவ்வளவு எளிதாக இருந்தும் பல பெண்கள் அந்த வாசல் வரை போய்ச் சேருவதில்லை. உரிமைகள் ஒரே இடத்தில் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். கொஞ்சம் மனநலச் சட்டத்தில் இருக்கிறது, கொஞ்சம் மகப்பேறு விடுப்புச் சட்டத்தில், கொஞ்சம் வீடு தேடி வரும் செவிலியரின் வேலைப் பட்டியலில். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எது தானாகச் சரியாகும், எது ஆகாது

குழந்தை பிறந்து மூன்று நாலு நாளில் காரணமே இல்லாமல் அழுகை வரும். சின்னச் சொல்லுக்கும் கண் கலங்கும். பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் இது வருகிறது. கூட ஒரு ஆள் இருந்து, தூக்கமும் சாப்பாடும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும்.

இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். முதல் ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இது தொடங்கும். பிள்ளை தூங்கும்போதும் அம்மாவுக்குத் தூக்கம் பிடிக்காது. பசிக்காது. சிலருக்குப் பிள்ளையைத் தூக்கவே மனசு வராது. சிலருக்கோ பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நெஞ்சு படபடத்துக்கொண்டே இருக்கும், ராத்திரி எழுந்து எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்ற நினைப்பும் வரலாம். பக்கத்தில் இருப்பவர்கள் இதைச் சோம்பல் என்பார்கள், திமிர் என்பார்கள், காத்து கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அதில் போகிற ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண்ணுக்கு நஷ்டம். ரத்தசோகை, தைராய்டு கோளாறு இரண்டும் இதே மாதிரி அறிகுறி காட்டும் என்பதால், டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது ஒன்று உண்டு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், நாள் கணக்கில் தூக்கம் இல்லாமல், சம்பந்தம் இல்லாமல் பேசுவது, யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்பது, வீட்டாரையே சந்தேகப்படுவது. இதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை தாயையும் பிள்ளையையும் தனியாக விடக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை, அதாவது 20,043 தாய்மார்களின் விவரத்தை, ஒன்றாகப் பார்த்தது. 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்ததாக அதில் வந்தது. நகரம், கிராமம் என்று பார்த்தபோது சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு முன்பே, 2002-இல் வெளியான தமிழ்நாட்டுக் கிராமப்புற ஆய்வொன்றில், எந்தெந்தச் சூழலில் இது அதிகம் வருகிறது என்ற பட்டியல் இருக்கிறது: குறைந்த வருமானம், ஆண் பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் சரியில்லாத உறவு, கர்ப்ப காலத்தில் நடந்த துக்கம், ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. அந்தப் பெண்ணால் மாற்றக்கூடியது என்று அதில் எதுவுமே இல்லை. அதனால்தான் 'மனசைத் தைரியமாக வைத்துக்கொள்' என்கிற புத்திமதி அவளுக்கு உதவுவதில்லை.

செவிலியர் வரும்போது சொல்லுங்கள்

பச்சிளம் குழந்தையைப் பார்க்க வீட்டுக்கே ஆள் வர வேண்டும் என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் விதி. மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில், மொத்தம் ஆறு முறை. ஆஷா பணியாளரோ கிராம சுகாதார செவிலியரோ வருவார். கையில் ஒரு படிவம் இருக்கும். பெரும்பாலும் குழந்தையைப் பற்றித்தான், ஆனால் தாய்க்கும் சில வரிகள் உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை வேளை வயிறாரச் சாப்பிடுகிறாள், எத்தனை துணி மாற்றுகிறாள், காய்ச்சல் இருக்கிறதா, துர்நாற்றத்தோடு கசிவு இருக்கிறதா, பால் சுரக்கிறதா, மார்க்காம்பு வெடித்திருக்கிறதா. மனதைப் பற்றி என்று பார்த்தால் ஒரே ஒரு கேள்வி: தாய் இயல்புக்கு மாறாகப் பேசுகிறாளா, அல்லது வலிப்பு வந்ததா?

இந்தக் கேள்வி அவசியமானதுதான். மேலே மூன்றாவதாகச் சொன்ன அவசர நிலையை இது பிடித்துவிடும். ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, கேட்டதற்கு 'நல்லா இருக்கேன்' என்று மட்டும் சொல்லும் பெண் இதில் சிக்கமாட்டாள். அவளுக்கு நேராக 'இல்லை' என்று எழுதி, செவிலியர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். செவிலியர் மேல் குறை சொல்ல மனம் வரவில்லை, ஒருவரே பல கிராமங்களைப் பார்க்கிறார். 'தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது' என்ற கேள்வி அந்தப் படிவத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பக்கத்துக் கேரளத்தில் 'அம்ம மனஸ்' என்ற பெயரில் கர்ப்பிணிகளிடமும் தாய்மார்களிடமும் மனநலம் விசாரிக்கும் ஏற்பாடு இருக்கிறது. இங்கே செய்ய முடியாத காரியம் அல்ல.

படிவம் கேட்காவிட்டால் நாம் சொல்லலாம். அந்தப் பெண்ணுக்கு வாய் வராவிட்டால் கணவரோ அம்மாவோ அக்காவோ சொல்லலாம். "சிஸ்டர், இவள் ரெண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை, சும்மாவே அழுகிறாள், மனநல டாக்டரிடம் காட்டணும்" என்றால் போதும். மனநல டாக்டர் என்ற சொல்லைச் சொல்லத் தயங்காதீர்கள். 'உடம்பு சோர்வாக இருக்கிறது' என்றால் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. 1987-இல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாளில் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும். ஐந்து பத்து நிமிட வேலைதான். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் நினைப்பு வந்ததா என்பது. அதற்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் மற்ற மதிப்பெண் என்னவாக இருந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இந்தத் தாளைக் கேட்டு வாங்க ஏற்ற நேரம், குழந்தைக்கு ஒன்றரை மாசம், இரண்டரை மாசம், மூன்றரை மாசம் ஊசி போடப் போகும் நாட்கள்.

கிராமத்தில் ஒரு சிக்கல் உண்டு. கர்ப்பப் பதிவு புகுந்த ஊரில் இருக்கும், பெண் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருப்பாள். தாய்வீட்டு ஊர் செவிலியருக்குத் தகவல் போகாது, புகுந்த ஊர் செவிலியர் வந்து பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். தாய்வீட்டுக்கு வந்ததுமே அந்த ஊர் துணை சுகாதார நிலையத்தில் தாய் சேய் நல அட்டையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். நகரத்திலோ, தனியார் மருத்துவமனையில் பெற்று, தனியாரிடமே ஊசி போட்டு, வாடகை வீட்டில் கணவனும் மனைவியுமாக இருக்கும் குடும்பத்தின் கதவை யாருமே தட்டாமல் போய்விடலாம். பிரசவம் எங்கே நடந்திருந்தாலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகத் தடையில்லை.

எங்கே போவது

ராத்திரி இரண்டு மணிக்கும் பேச வேண்டுமென்றால் 14416. 'டெலி மானஸ்' என்ற இந்தச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இதை 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரிலும் சொல்கிறார்கள். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் மன ஆலோசனை கிடைக்கும். கணவரோ வீட்டாரோ அடிக்கிறார்கள் என்றால் 181.

நேரில் என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருப்பார். குறிப்பிட்ட கிழமைகளில் வட்ட மருத்துவமனைகளுக்கும் போவார். எந்தக் கிழமை எங்கே என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொண்டு கிளம்பினால் அலைச்சல் மிச்சம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. தாயும் குழந்தையும் சேர்ந்தே தங்கி சிகிச்சை பெறும் தனி வார்டு பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் இயங்குகிறது.

'மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்கக் கூடாது' என்று சொல்லியே பலர் வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. பால் கொடுக்கிறேன் என்பதை டாக்டரிடம் சொன்னால் அதற்கேற்ப எழுதுவார். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதும் இல்லை. லேசான நிலையில் ஆலோசனை மட்டுமே போதுமானதாக இருக்கும்.

பிள்ளையைப் பிரித்துவிடுவார்களா?

பெண்கள் வாய் திறக்காமல் இருப்பதற்குப் பெரிய காரணம் இந்தப் பயம். '"பைத்தியம்" என்று எழுதி வாங்கி பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வோம்' என்று மிரட்டும் வீடுகளும் உண்டு. 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது.

பிரிவு 21: மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. அவளால் குழந்தைக்கு ஆபத்து என்று மனநல மருத்துவர் கருதினாலோ, குழந்தையின் நலனுக்குத் தேவைப்பட்டாலோ தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் கண்காணிப்போடு அவள் குழந்தையைப் பார்க்க விட வேண்டும். 15 நாளுக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தொடர்ந்து 30 நாளைத் தாண்டினால் மனநல ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பிரிவு 3-இன்படி, மனநோய் இருக்கிறது என்று கண்டறிவதால் மட்டும் ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார். அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

பிரிவு 23-இன்படி சிகிச்சை விவரம் ரகசியம். பிரிவு 14 அதிகம் பேருக்குத் தெரியாதது: சிகிச்சை விஷயத்தில் தன் சார்பாக நிற்கும் ஆளை அந்தப் பெண்ணே தேர்ந்தெடுக்கலாம். கணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அம்மாவோ தோழியோ இருக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும், முத்திரைத் தாள் வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற ஒருவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது பிரிவு 115. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்பது சட்டம்.

விடுப்பு

பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனங்களில், முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. இது பலருக்குத் தெரியும். தெரியாதது அதற்கு மேல் உள்ள ஒரு மாதம். கர்ப்பம், பிரசவம் காரணமாக நோய் வந்தால், சான்று காட்டி இன்னும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு எடுக்கலாம் என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020-இலும் அதே உரிமை இருக்கிறது. நோய் என்றால் உடல் நோய் மட்டும் என்று அதில் எங்கும் இல்லை. மனநல மருத்துவரிடம் சான்று கேட்கும்போது, 'பிரசவத்தைத் தொடர்ந்து வந்தது' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். வீட்டு வேலை, கூலி வேலை செய்யும் பெண்களுக்கு இந்த விடுப்பு எதுவும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியாக, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து, 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைப்பதுதான் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. ஒத்தாசை மிகவும் தேவைப்படுகிறவர்களுக்கே ஓய்வு இல்லை என்பது நியாயமே இல்லை.

வைத்தியம் தொடங்கியபின், தெம்பு வந்துவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்தில் மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் அடுத்த கர்ப்பத்தைப் பதிவு செய்யும் அன்றைக்கே, முன்பு இப்படி இருந்தது, இன்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று செவிலியரிடம் சொல்லி, பழைய சீட்டைக் காட்டி, அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.