எலெவாஜ்: ஓக் பீப்பாயில் வளர்ப்பும் நிலவறையில் நாட்படுத்தலும்

எலெவாஜ் ஒயின் செய்முறையில் வழங்கும் பிரெஞ்சுச் சொல். 'உயர்த்து, வளர்' என்று பொருள்படும் 'எலெவே' என்னும் வினையிலிருந்து வந்தது. ஆடுமாடு வளர்ப்புக்கும் இதே சொல்தான். மாணவரைக் குறிக்கும் 'எலேவ்' இதன் உடன்பிறப்பு. நொதித்து முடிந்த ஒயினைப் பீப்பாயிலோ தொட்டியிலோ வைத்து, புட்டியில் அடைக்கும்வரை பக்குவம் பார்க்கும் காலமே எலெவாஜ். புட்டிக்குள் நடப்பதற்குப் பிரெஞ்சில் வேறு சொல் உண்டு. நாமோ இரண்டையும் 'ஏஜிங்' என்றே சொல்கிறோம். ஓக் பீப்பாயில் இருந்த ஒயின் எதுவும் நிலவறையில் மேலும் சிறக்கும் என்ற தவறான எண்ணம் வேரூன்ற இதுவும் ஒரு காரணம்.

பிரான்சின் போஜொலே வட்டாரத்தில் விளையும் கமே என்னும் சிவப்பு ஒயின் திராட்சையில் இந்தத் தவறு நன்றாகத் தெரியும். கமேயில் புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. 228 லிட்டர் புது ஓக் பீப்பாய் அதில் வனிலா மணத்தையும் மரத்துவர்ப்பையும் ஏற்றும். நாளாக ஆகப் பழமணம் முதலில் வடியும், மரமணம் எளிதில் போகாது. மெலிந்த ஒயினை ஐந்தாறு ஆண்டு கழித்துத் திறந்தால் மரமும் புளிப்பும்தான் மிஞ்சும். பலமுறை புழங்கிய பீப்பாய் மணம் ஏற்றுவது குறைவு. மரத்தின் வழியே நுழையும் சிறிதளவு ஆக்சிஜன் துவர்ப்பை மென்மையாக்கும். கமேக்கு அதுவே பொருத்தம்.

நெடுநாள் தாங்கும் வலுவைத் தருபவை மண்ணும், கொடியின் விளைச்சலளவும், சாறு தோலோடு ஊறிய நாட்களும். போஜொலேயின் மூலன்-ஆ-வான், மோர்கோன் பகுதிகளின் நல்ல ஆண்டு ஒயின்கள் பத்தாண்டு தாண்டியும் நிற்கும். அப்போது பினோ நுவார் என்னும் பர்கண்டித் திராட்சை போல மணப்பதை அங்கே 'பினோத்தே' என்பார்கள். 1395இல், போஜொலேக்கு வடக்கே உள்ள பர்கண்டியின் கோமகன் பிலிப், பினோவை உயர்த்திப் பிடித்து, பிடுங்கி எறியச் சொன்ன கொடிதான் கமே!

எலெவாஜுக்கு 'வளர்ப்பு' நேரான தமிழ். புட்டிக்குள் நடப்பதற்கு 'முதிர்வு' என்றால் பழத்தின் முதிர்வோடு குழம்பும். 'நாட்படுத்தல்' என்பதே சரி. புறநானூறு 392 'நாட்படு தேறல்' (நாள்பட்ட தெளிந்த கள்) என்கிறது. 120ஆம் பாட்டில் 'நிலம் புதைப் பழுனிய', அதாவது நிலத்தில் புதைத்துப் பக்குவப்பட்ட, தேறலே வருகிறது.

நாட்படுத்த 12 முதல் 14 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதம், இருட்டு வேண்டும். தக்கை உலராதிருக்கப் புட்டியைக் கிடத்தி வையுங்கள். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டி மாதக்கணக்கில் நீடித்தால் பழமணம் வெந்த ஜாம் போலாகிவிடும். ஒரே ஒயினில் மூன்று புட்டி வாங்கி, மூன்றாம் ஆண்டில் ஒன்றைத் திறவுங்கள். பழம் திடமாக இருந்து மரம் சற்றே முந்தினால் இன்னும் இரண்டாண்டு பொறுக்கலாம். பழம் மங்கியிருந்தால் மற்ற இரண்டையும் அந்த ஆண்டே குடித்துவிடுங்கள்.