சுறாப்புட்டு, வஞ்சிரம், சாளை: கர்ப்பிணி இருக்கும் வீட்டில் எந்த மீன் வாங்கலாம்?

கடலோர ஊர்களில் பிரசவம் ஆன வீட்டுக்குப் பால் சுறா வாங்கிக் கொடுப்பது ஒரு கடமை மாதிரி. பூண்டு நிறையத் தட்டிப் போட்டுப் புட்டு செய்து கொடுத்தால் தாய்க்குப் பால் ஊறும் என்பது நம்பிக்கை. ஊட்டச்சத்து ஆலோசனைக்கு வரும் குடும்பங்களிடம் நாங்கள் முதலில் நிறுத்தச் சொல்வது இதைத்தான். மீனையே நிறுத்தச் சொல்வதில்லை. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஹெச்ஏ என்ற கொழுப்பு மீனில் கிடைப்பது போல நம் சாப்பாட்டில் வேறெதிலும் எளிதாகக் கிடைக்காது. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஒன்பது மாதமும் மீன் பக்கமே போகாத கர்ப்பிணிகளுக்கும் நஷ்டம்தான்.

நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள், பாதரசம் கலந்து தங்கம் பிரிக்கும் சிறு சுரங்கங்கள் போன்றவற்றிலிருந்து வெளியேறும் பாதரசம் கடைசியில் கடலுக்கு வருகிறது. அடிச்சேற்றில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற நரம்பு நஞ்சாக மாற்றுகின்றன. மிதவை உயிர்களைச் சாளை தின்கிறது, சாளையைச் சூரை தின்கிறது, சூரையைப் பெரிய சுறா தின்கிறது. உள்ளே போனது சீக்கிரம் வெளியேறாததால், படிக்குப் படி சேர்ந்துகொண்டே போகிறது. மீனுக்கு வயது கூடக்கூடவும் அப்படியே.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அளந்த சராசரியில் ஒரு கிலோ சுறாவில் 0.98 மில்லிகிராம் பாதரசம், ஒரு கிலோ சாளையில் 0.013 மில்லிகிராம். இதை உடம்புக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம்தான் எல்லை என்று 2003இல் வகுத்தது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது வாரத்துக்கு 96 மைக்ரோகிராம். 100 கிராம் சுறாவிலேயே சுமார் 98 வந்துவிடும். 100 கிராம் சாளையில் 1.3தான்.

அந்த எண் அங்குள்ள சுறாக்களுக்கானது. நம் ஊர்ப் பால் சுறா சிறியது, அதில் குறைவாக இருக்கலாம். ஆனால் தோலுரித்துத் துண்டு போட்டு வைத்த பிறகு அது சிறு சுறாவா, ஆள் உயரச் சுறாவின் வால் பக்கமா என்று வாங்குபவருக்குத் தெரியாது. அந்தச் சந்தேகத்தைக் கர்ப்பிணியின் தட்டில் வைக்க வேண்டாம்.

மஞ்சள் போட்டு வேகவைத்தால் போய்விடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போகாது. மெத்தில் பாதரசம் மீனின் புரதத்தோடு, அதாவது சதையோடு, பிணைந்திருக்கிறது. தோலை எடுத்தாலும் கொழுப்பை நீக்கினாலும் குறையாது. புட்டு செய்யும்போது துண்டுகளை வேகவைத்து, மண்போல் சொரசொரக்கும் தோலை உரித்து, தண்ணீரைப் பிழிந்து, உதிர்த்து, வெங்காயத்தோடு உலர வதக்குகிறோம். இந்த வேலையில் வெளியேறுவது பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் ஒரு கரண்டிப் புட்டில் இருக்கும் பாதரசம் அதே எடையுள்ள பச்சை மீனில் இருப்பதைவிடக் கூடுதல். சுறாக் கருவாட்டில் இன்னும் கூடுதல். சுறாவை அலசும்போது போகும் நெடி வேறு சங்கதி: அதன் உடம்பில் உள்ள யூரியா சிதைந்து வரும் அம்மோனியா அது. நெடி போனால் மீன் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

பால் விஷயத்துக்கு வருவோம். பால் சுரப்பது குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதால். தாய்க்குப் புரதமும் தண்ணீரும் போதுமான அளவு வேண்டும், அதை எந்த மீனும் கொடுக்கும். பாதரசத்தால் அதிக ஆபத்து கர்ப்ப காலத்தில்தான். மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிட அதிகமாகவே இருக்கும். தாய்ப்பாலில் போவது அதைவிடக் குறைவு, என்றாலும் தவிர்ப்பதே சரி. உடம்பில் இருக்கும் பாதரசம் பாதியாகக் குறையவே 50 முதல் 70 நாள் ஆகும். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் ஆறு மாதம் முன்பிருந்தே சுறா, மயில் மீன், பெரிய சூரை ஆகியவற்றை விட்டுவிடுவது நல்லது.

பதிலுக்கு என்ன கொடுப்பது? தென்கடலோரத்தில் பிள்ளை பெற்றவளுக்குக் காரல் மீன் கொடுக்கும் வழக்கமும் உண்டு. அந்தப் பாட்டிகளின் பக்கம் நிற்கலாம்: காரல் சின்ன மீன், குறைந்த காலமே வாழும், முள்ளோடு குழம்பு வைத்தால் சாறு இறங்கும். நெத்திலி, சாளை, கானாங்கெளுத்தி, குளத்து ஜிலேபி, கட்லா, ரோகு, இறால் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். புட்டுதான் வேண்டும் என்றால் சிறிய சூரையில் மாதம் ஒருமுறை செய்யுங்கள். கர்ப்பிணிக்கு வாரம் 2 அல்லது 3 வேளை, வேளைக்கு 110 கிராம் போதும். குழந்தைகளுக்கு வாரம் இரண்டு வேளை: 1 முதல் 3 வயது வரை 30 கிராம், 4 முதல் 7 வரை 55 கிராம், 8 முதல் 10 வரை 85 கிராம். நெத்திலிக் கருவாடும் நல்லதுதான், ஆனால் இரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணிக்கு அந்த உப்பு ஆகாது.

சுறாவை விடுவது கடலுக்கும் நல்லது. சாளை ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பால் சுறாவோ மாதக்கணக்கில் சுமந்து சில குட்டிகள்தான் போடும். பிடிக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க அதனால் முடியாது. திமிங்கிலச் சுறாவும் வேளா மீனும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன.

வஞ்சிரத்தில்தான் சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது. அமெரிக்கர்கள் கர்ப்பிணிகளுக்கு விலக்கும் மீன்களில் ஒன்று வஞ்சிரத்தின் அட்லாண்டிக் உறவு. அந்த அளவை நம் மீனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது, ஆனால் இரண்டும் சிறு மீன்களைத் தின்று வளர்பவை. எட்டு, பத்துக் கிலோ வஞ்சிரத்தில் பாதரசம் சேர நாள் நிறையக் கிடைத்திருக்கும். சரி, சின்னதாக வாங்கலாம் என்றால், வஞ்சிரம் முதன்முதலில் முட்டையிடுவதே சுமார் 70 செ.மீ. நீளம் வந்த பிறகு. முழுசாக வறுக்க வாங்கும் அரைக்கிலோ வஞ்சிரம் ஒருமுறைகூட முட்டையிடாத குஞ்சு. மூன்று முதல் ஐந்து கிலோ வரையுள்ள மீனை, வெட்டுவதற்கு முன் முழுசாக எடை போடச் சொல்லி வாங்குங்கள். கர்ப்பிணிக்கு அதுவும் வேண்டாம். மற்றவர்கள் மாதம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சின்ன மீன் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றும் இல்லை. கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 3.9 லட்சம் டன் சாளை பிடிபட்டது; 2021இல் 3,297 டன்தான். கடல் வெப்பமும் காரணம், குஞ்சுகளை வாரி எடுத்ததும் காரணம். சாளைக்கு 10 செ.மீ., கானாங்கெளுத்திக்கு 14 செ.மீ. என்று கேரளம் குறைந்தபட்ச நீளம் வைத்திருக்கிறது. உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல் நீளம் இல்லாத சாளைக் குவியல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாளில் வஞ்சிரம் கேட்டுப் போனால் ஐஸில் கிடந்த மீனுக்கு இரட்டை விலை கொடுக்க நேரலாம். வள்ளத்திலும் ஃபைபர் படகிலும் அன்றன்று வரும் சின்ன மீனை வாங்குங்கள். அதுவும் கிடைக்காத நாளில் கட்லா இருக்கிறது.