இடுப்பு 92 என்றால் பெல்ட் ஏன் 92 இல்லை?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். புதுச்சேரிப் பட்டறை ஒன்றில் கையால் செய்த தோல் பெல்ட் சொல்லி வாங்கினாராம். இஞ்சு டேப்பை பேண்ட் பட்டியின் மேல் சுற்றி அளந்து, 92 சென்டிமீட்டர் என்று கொடுத்திருக்கிறார். பட்டறைக்காரரும் நடுத்துளையைச் சரியாக 92-இல் போட்டிருக்கிறார். வீட்டில் பெல்ட்டைத் தரையில் நீட்டி வைத்து அளந்தும் பார்த்துவிட்டார், அதே 92. ஆனால் அந்தத் துளையில் மாட்டினால் வயிறு இறுக்குகிறது. அடுத்த துளையில் மாட்டினால் பேண்ட் இறங்குகிறது. "டேப் தப்பா, தோல் தப்பா?" என்பது அவர் கேள்வி.

டேப்பும் சரி, தோலும் சரி. வட்டமாக வளைகிற ஒரு தடித்த பொருளை, தடிமனே இல்லாத டேப்பின் அளவில் வெட்டியதுதான் சங்கதி. அதற்குப் போகுமுன் வழக்கமான இரண்டு குழப்பங்களை ஒதுக்கிவிடலாம்.

முதலாவது, பேண்ட் லேபிளில் இருக்கும் எண். 34 என்று போட்டிருக்கும் பேண்ட்டின் பட்டியை அளந்தால் பெரும்பாலும் 34 இஞ்சுக்கு மேலேயே இருக்கும். பேண்ட்டை நாம் இடுப்பின் குறுகிய இடத்தில் போடுவதில்லை, கீழே இறக்கித்தான் போடுகிறோம். அதனால்தான் பேண்ட் எண்ணோடு இரண்டு இஞ்சு கூட்டி பெல்ட் வாங்கு என்று கடைக்காரர்கள் சொல்வது. அது ஒரு குத்துமதிப்பு, அவ்வளவே. இரண்டாவது, பெல்ட்டில் எங்கிருந்து அளப்பது என்பது. சிலர் தோல் மடிந்து பக்கிளைப் பிடித்திருக்கும் மடிப்பிலிருந்து அளக்கிறார்கள். சிலர் பக்கிளின் முள் போய் உட்காரும் முன் விளிம்பிலிருந்து அளக்கிறார்கள். பெல்ட்டைப் போட்டு இழுக்கும்போது துளை முள்ளின் மேல் சறுக்கி அந்த முன் விளிம்பை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே முன் விளிம்பிலிருந்து துளை வரை உள்ள தூரமே இடுப்பைச் சுற்றும் வளையத்தின் நீளம். மடிப்பிலிருந்து அளந்தால் பக்கிளின் நீளம் முழுவதும் கணக்கில் விட்டுப்போகும். நம் வாசகர் முன் விளிம்பிலிருந்துதான் அளந்திருக்கிறார். ஆகவே இந்த இரண்டும் அவர் விஷயத்தில் காரணம் இல்லை.

இப்போது தடிமனுக்கு வருவோம். கையால் செய்யும் ஒற்றைத் தோல் பெல்ட்டுக்கு 4 மில்லிமீட்டர் தடிமன் சாதாரணம். தரையில் நீட்டிக் கிடக்கும்போது அதன் மேல்பரப்பும் அடிப்பரப்பும் ஒரே நீளம். இடுப்பைச் சுற்றி வளைத்தவுடன் வெளிப்பக்கம் நீண்டாக வேண்டும், உள்பக்கம் சுருங்கியாக வேண்டும். நீளம் மாறாமல் இருப்பது ஏறக்குறைய தோலின் நடுவில் ஓடும் ஒரு கோடு மட்டும். நீங்கள் அளந்த 92 சென்டிமீட்டர் அந்த நடுக்கோட்டுக்குத்தான் பொருந்தும். உடம்பைத் தொடும் உள்பக்கம் அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு? வட்டக் கணக்கில் வரும் பை (π) என்ற எண்ணைத் தடிமனால் பெருக்குங்கள்: 3.14 × 4, அதாவது 12.6 மில்லிமீட்டர்.

பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் இந்தச் சூத்திரத்தில் இடுப்பின் அளவு எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அதே 12.6, பெரிய தொப்பைக்காரருக்கும் அதே 12.6. இன்னொன்று: இடுப்பு வட்டமே இல்லை, பக்கவாட்டில் நீண்ட முட்டை வடிவம். வட்டத்துக்கான பை இங்கே எப்படிச் செல்லுபடியாகும்? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பாடலீஸ்வரர் கோயிலில் இரண்டு பேர் சுவாமியை வலம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கருவறைச் சுவரை உரசியபடி நடக்கிறார். மற்றவர் அவருக்கு வெளியே, சரியாக ஒரு மீட்டர் தள்ளி, தோளோடு தோள் சேர்ந்தாற்போல் நடக்கிறார். சுவர் நேராகப் போகும்வரை இருவரும் ஒரே தூரம்தான் நடக்கிறார்கள், வித்தியாசம் கடுகளவும் இல்லை. மூலை வந்ததும் உள்ளே இருப்பவர் நின்ற இடத்திலேயே திரும்புகிறார். வெளியே இருப்பவரோ ஒரு மீட்டர் ஆரத்தில் கால் வட்டம் நடந்தால்தான் மறுபடி அவர் பக்கத்துக்கு வர முடியும். அது 1.57 மீட்டர். நான்கு மூலைக்கு நான்கு கால் வட்டம், மொத்தம் ஒரு முழு வட்டம்: 6.28 மீட்டர். கூடுதல் தூரம் முழுவதும் மூலைகளில்தான் பிறக்கிறது. சுவரின் நீளத்துக்கு அதில் பங்கே இல்லை. தெருமுனைப் பிள்ளையார் கோயிலைச் சுற்றினாலும், சிதம்பரம் நடராசர் கோயிலின் வெளி மதிலைச் சுற்றினாலும், வெளியே நடப்பவர் கூடுதலாக நடப்பது அதே 6.28 மீட்டர்தான்.

மூலை நான்காக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஐந்தோ ஆறோ இருந்தாலும், புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தவர் மொத்தத்தில் 360 பாகை திரும்பியிருப்பார். மூலைகளை எண்ணற்ற சின்னச் சின்ன மூலைகளாக உடைத்தால் வளைவு வந்துவிடும். அதுதான் இடுப்பு. வட்டமோ முட்டை வடிவமோ, ஒரு சுற்றுக்கு ஒரே திருப்பம்தான். அதனால்தான் பை அங்கேயும் வந்து நிற்கிறது. பெல்ட்டின் நடுக்கோடு உள்பக்கத்திலிருந்து பாதித் தடிமன், அதாவது 2 மில்லிமீட்டர், தள்ளி ஓடுகிறது; 6.28 × 2 என்று பெருக்கினாலும் அதே 12.6.

சரி, 12.6 மில்லிமீட்டர் ஏன் இத்தனை தொல்லை தந்தது? பெல்ட் துளைகளின் இடைவெளி பொதுவாக ஒரு இஞ்சு, சுமார் 25 மில்லிமீட்டர். அதில் சரிபாதி 12.6! பெல்ட்டின் உள்சுற்று நடுத்துளையில் 90.7 ஆகிவிட்டது, அடுத்த துளையில் 93.3. வாசகரின் 92 அந்த இரண்டு துளைக்கும் நட்டநடுவில் மாட்டிக்கொண்டது. 4 மில்லிமீட்டர் தோலை டேப் அளவிலேயே வெட்டினால் யாருக்கும் இதேதான் நடக்கும். மெத்தென்ற ரெக்சின் பெல்ட்டில் இது தெரியாது. தடிமனும் குறைவு, அமுங்கவும் செய்யும்.

நம் ஊர்க் குழந்தைகள் இடுப்பில் இருக்கும் அரைஞாண் கயிற்றுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. நூலின் தடிமன் அவ்வளவு குறைவு. அந்தக் கயிறு கண்ணேறு கழிக்கும் என்று சொல்வதை நான் நம்பவில்லை, பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லித்தருவதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிள்ளை சதைபோடுகிறதா, இளைக்கிறதா என்று தாய்க்குத் தினமும் காட்டும் அளவுகோலாக அது அருமையான பொருள்.

இரண்டு தோலை ஒட்டித் தைக்கும் பெல்ட்டில் இந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியும். ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் என்றால், இரண்டின் நடுக்கோடுகளும் 3 மில்லிமீட்டர் விலகி ஓடுகின்றன. ஒரு சுற்றில் உள்தோலுக்கு 19 மில்லிமீட்டர் குறைவாகவே தேவை. தட்டையாக வைத்து ஒட்டினால் அந்த மிச்சம் போக இடமில்லாமல் உள்பக்கத்தில் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அதனால் நல்ல கைவினைஞர் பசை தடவியதும் வாரை வளைத்துப் பிடித்துக்கொண்டே ஒட்டுவார். யாரும் அவருக்குச் சூத்திரம் சொல்லித்தரவில்லை, அவர் கைக்கு அது தெரியும்.

வாசகர் கடிதத்தின் கடைசி வரியில் இன்னொரு கேள்வியும் இருந்தது: தோல் நாளடைவில் நீளும் என்கிறார்களே, அப்படியே விட்டுவிட்டால் சரியாகிவிடுமா? கொஞ்சம் நீளும். தோல் என்பது கொலாஜன் என்ற புரதத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் வலை. நார்கள் அலையலையாக நெளிந்திருப்பதால் முதல் இழுப்பில் நெளிவு நிமிர்ந்து தோல் எளிதாக நீள்கிறது. நிமிர்ந்த பிறகு நாரையே இழுக்க வேண்டியிருப்பதால் சட்டென்று விறைத்துக்கொள்கிறது. கொலாஜன் மூலக்கூறு மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட புரி என்ற அமைப்பை 1954-இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் எக்ஸ் கதிர் செலுத்திப் பார்த்தது கங்காரு வாலின் தசைநாணை! கங்காரு வாலால் ஏழை நாட்டுக்கு என்ன லாபம் என்று கேட்டு அன்றைக்கே பணத்தை நிறுத்தியிருந்தால், உலகப் பாடப்புத்தகங்களில் இருக்கும் ஒரு கண்டுபிடிப்பு நம் ஊரில் நடந்திருக்காது. உடனடிப் பயன் காட்டு, அப்புறம் நிதி என்று ஆய்வாளரிடம் சொல்லும் வழக்கம் இன்றைக்கும் போகவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

மாட்டுத்தோலில் எல்லா இடமும் ஒரேமாதிரி நீளாது. முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் நார்கள் நெருக்கமாக இருக்கும், அங்கே நீட்சி குறைவு. வயிற்றுப் பகுதி தளர்ந்தது, நன்றாக இழுபடும். பெல்ட்டுக்கான வாரை முதுகுப் பக்கத்தில், முதுகெலும்புக்கு இணையாக வெட்டுவது இதனால்தான். எந்தத் தோல் எங்கே எவ்வளவு கொடுக்கும் என்று தொட்டே சொல்பவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்த சமூகம் நம்முடையது. இந்தத் தொழிலில் இருக்கும் பொருளறிவை நாம் அறிவு என்று ஒப்புக்கொள்ளவே இல்லை.

கடலோர ஊர்களில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். கொலாஜன் நீரை விரும்பும் பொருள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே நனைந்திருக்கும்போது தோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு இளகும், இழுத்தால் நார்கள் எளிதாக நகரும். மழையில் நனைந்த பெல்ட்டை அப்படியே இறுக்கிப் போட்டுத் திரிந்தால், காய்ந்த பிறகும் அந்த நீட்சியில் ஒரு பங்கு நிலைத்துவிடும். இதை நம்பி அளவைச் சரிசெய்ய முடியாது, எவ்வளவு நீளும் என்று ஒவ்வொரு வாரும் வெவ்வேறு பதில் சொல்லும்.

வாசகர் இப்போது செய்யக்கூடியது எளிது. பட்டறைக்கே கொண்டுபோய் இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு துளை போடச் சொல்லலாம். நல்ல முதுகுத் தோல் என்றால் அந்த நெருக்கத்தைத் தாங்கும். அடுத்த பெல்ட்டுக்கு டேப் வேண்டாம். இப்போது நன்றாகப் பொருந்துகிற, ஏறக்குறைய அதே தடிமன் உள்ள பழைய பெல்ட்டை நீட்டி வைத்து, பக்கிளின் முன் விளிம்பிலிருந்து வழக்கமாக மாட்டும் துளை வரை அளந்து கொடுங்கள். தடிமன் கணக்கு அதற்குள்ளேயே அடங்கிவிடும். பழைய பெல்ட் இல்லையென்றால் டேப் அளவோடு தடிமனின் மூன்று மடங்கைக் கூட்டுங்கள்; 4 மில்லிமீட்டர் தோலுக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள் என்பதையும் தாளில் வரைந்து கொடுத்துவிடுங்கள்.