பெற்றோல் மணந்தால் கிக்கரில் கால் வையாதீர்கள்

பரந்தனில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறேன். மாரி தொடங்கிவிட்டால் விடிய வருகிறவர்களில் பலருக்கும் ஒரே முறைப்பாடுதான். "அண்ணை, ராத்திரி நல்லா ஓடினது, விடிய ஸ்ராட் வருதில்லை." நான் முதலில் கேட்பது, "விட்ட இடத்தில பெற்றோல் மணந்ததா?" என்பதைத்தான். ஸ்ராட்டுக்கும் மணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்பார்கள். ஒழுக்கு ஒரு வருத்தம், ஸ்ராட் வராதது இன்னொரு வருத்தம் என்று நினைப்பு. என்னிடம் வருபவற்றில் அநேகமாக இரண்டும் ஒன்றுதான்.

போன கார்த்திகையில் விசுவமடுப் பக்கத்துத் தம்பி ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எஞ்சினுக்குள் பொறி எழுப்புகிற பிளக்கை ஒரு மாதத்துக்குள் மூன்று தடவை மாற்றிவிட்டாராம். மணக்குமா என்றேன்.

"மணக்கும் அண்ணை. பழசுதானே."

"எங்கை விடுறனீர்?"

"குசினித் தாவாரத்தில. மழை படாது."

உள்ளே அம்மா விறகடுப்பு மூட்டுகிற குசினி. எனக்குக் கை விறைத்துப்போனது.

பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் கிடந்ததைத் தெளிந்த போத்தல் ஒன்றில் வடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். பெற்றோலுக்கு அடியில் தண்ணீர் தனியே ஒரு கண்ணாடிக் குண்டு மாதிரி உருண்டது. அதைச் சுற்றிக் கிரவல் நிறத்தில் துருத்தூள். பிறகு அந்தக் கிண்ணத்துக்குப் பெற்றோல் வருவதை அடைக்கிற நீடிலைக் கழற்றி அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். கூரான றப்பர் முனையைச் சுற்றி, நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற ஒரு வளையத் தேய்வு. மூன்று பிளக்கையும் தின்றது அந்த வளையம்.

கிண்ணம் நிரம்பியதும் உள்ளேயிருக்கும் புளோட் என்கிற மிதவை மேலெழுந்து, நீடிலைத் தள்ளிப் பெற்றோல் வருகிற துவாரத்தை அடைக்க வேண்டும். முனை தேய்ந்தாலோ இடையில் ஒரு தூள் சிக்கினாலோ முழுதாக அடைபடாது. டாங்கி மேலே இருப்பதால் இரவு முழுக்கப் பெற்றோல் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டேயிருக்கும். மிஞ்சுவது குழாயால் நிலத்தில் சிந்தும், இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் போகும். உள்ளே போனால் பிளக் நனையும். நனைந்த பிளக்கில் பொறி பாயாது. காற்றைக் குறைக்கிற சோக்கையும் இழுத்து உதைத்தால் இன்னும் நனையும். புதுப் பிளக் போட்டால் அன்றைக்கு வரும், இரண்டு நாளில் பழைய கதை. இதைவிடப் பெரிய கேடு, அந்தப் பெற்றோல் பிஸ்ரன் ஓரத்தால் வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலப்பது. ஒயில் குச்சியை இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணந்து, அளவும் கூடியிருந்தால் அந்த ஒயிலோடு ஓடவே வேண்டாம், எஞ்சின் தேய்ந்துபோகும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரவு டாங்கிக்குக் கீழிருக்கும் பெற்றோல் டப்பைப் பூட்டிவிட்டுப் படுங்கள். விடியத் திறந்து, கிண்ணம் நிரம்பச் சற்றுப் பொறுத்து உதையுங்கள். உடனே ஸ்ராட் வந்தால் நீடிலைத்தான் சந்தேகிக்க வேண்டும். வராவிட்டால் பிளக்கைக் கழற்றுங்கள். அது காய்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. டப்பின் வலையோ காபரேற்றரின் சிறுதுளையான ஜெட்டோ அடைத்திருக்கும். பொறி பார்க்கிறேன் என்று, சொட்டிக்கொண்டிருக்கும் காபரேற்றருக்குப் பக்கத்திலேயே பிளக்கை எஞ்சினில் முட்டவைத்து உதைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஒழுக்கை நிறுத்தித் துடைத்து, மணம் போன பிறகுதான் பொறி பார்க்க வேண்டும்.

எங்கள் உள்வீதிகளில் கிரவல் புழுதி டாங்கி மூடியின் காற்றுத் துவாரத்தையும் அடைத்துவிடும். நாலைந்து கிலோமீற்றர் ஓடி நின்று, மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றை இழுத்துவிட்டுத் திரும்ப ஓடினால் அதுதான். ஊசியால் குத்தினால் சரி.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் முறையில் தந்தபோது டாங்கிகள் வெறுமையாகக் கிடந்து உட்பக்கம் துருப்பிடித்தன. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்று ஏறத்தாழ ஐந்து வருடம் புதுவண்டி வரவில்லை. அதனால் வயதுபோன குழாய்களும் நீடில்களும் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெற்றோல் குழாயை மடித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், அது பெரிய செலவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய சனம் நாங்கள். சூப்பிப் போத்தலால் நாலு துளி பெற்றோல் விட்டுத்தான் ஸ்ராட் எடுப்போம். அந்தப் பழக்கத்தில் இப்பவும் காபரேற்றர் வாயில் பெற்றோல் ஊற்றி உதைக்கிற ஐயாமார் இருக்கிறார்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் சுவாலை அந்த வாயால்தான் வரும். மண்ணெண்ணெயோடு பழகியதால் பெற்றோலையும் அதேமாதிரி எண்ணுகிறோம். மண்ணெண்ணெய் 38 பாகை அளவுக்குச் சூடேறினால்தான் பற்றக்கூடிய ஆவியை விடும். பெற்றோல் சுழியத்துக்கு 40 பாகை கீழேயே விடும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே கலைந்து போகாமல் நிலத்தோடு ஊர்ந்து, படியிறங்கி அடுப்படிக்குப் போகும். நுளம்புத்திரி கொளுத்தக் கிழிக்கிற ஒரு நெருப்புக்குச்சி போதும்.

டாங்கியில் ஊசித்துளை ஒழுக்கென்றால் சவர்க்காரம் தேய்த்து அடைப்பது எங்கள் ஊர்க் கைவைத்தியம். கராஜ்வரை உருட்டிக்கொண்டு வரத்தான் அது. "பெற்றோலை ஊத்திப்போட்டன், வெறும் டாங்கிதானே" என்று வெல்டிங் பட்டறைக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். ஆவி நிறைந்த வெறும் டாங்கி நிரம்பிய டாங்கியைவிடப் பயங்கரமாக வெடிக்கும்.

மணம் வந்தால் முதலில் டப்பைப் பூட்டுங்கள். ஸ்ராட் எடுக்காமல், சுவிச்சும் போடாமல் உருட்டி வெளியே கொண்டுபோங்கள். பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பெற்றோல் அதன்மேல் மிதந்து நெருப்பைப் பரப்பும். மணலை அள்ளிப் போடுங்கள், நனைத்த சாக்கால் மூடுங்கள். டாங்கிவரை ஏறிவிட்டால் வண்டியை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு விலகுங்கள்.

அந்தத் தம்பிக்கு நீடிலும் குழாயும் மாற்றி, டாங்கியைக் கழுவிக் கொடுத்தேன். இப்போது வண்டி மாமரத்தடியில் தறப்பாளுக்குக் கீழே நிற்கிறதாம்.