பழ ஈ பொறிக்கு மானியம்: எவ்வளவு கிடைக்கும், மாட்டினால் ஈ எவ்வளவு கட்டுப்படும்?

மாம்பழத்தை அறுத்தால் உள்ளே புழு நெளிகிறது. பாகற்காய் பிஞ்சிலேயே வளைந்து, பழுத்து, உதிர்கிறது. இரண்டுக்கும் காரணம் பழ ஈ. இதைப் பிடிக்கும் பொறிக்கு அரசு மானியம் உண்டு என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பொறிக்கென்று தனித் திட்டம் எதுவும் கிடையாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தில் 'ஒருங்கிணைந்த பூச்சி, சத்து மேலாண்மை' என்று ஒரு இனம், அதாவது ஒரு உட்பிரிவு, இருக்கிறது. பொறி அதற்குள்தான் வருகிறது. அலுவலகத்தில் போய் "ஈ பொறித் திட்டம் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்ற பதில் வரக்கூடும். இனத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த இயக்கத்தின் செலவில் மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்கின்றன. 2014-ல் வந்த வழிகாட்டுதலின்படி, ஒரு ஹெக்டேருக்கு பூச்சி மேலாண்மைச் செலவு 4,000 ரூபாய் என்று கணக்கு இருந்தது. அதில் 30 சதவீதம், அதாவது ஹெக்டேருக்கு அதிகபட்சம் 1,200 ரூபாய் மானியம். ஒருவருக்கு 4 ஹெக்டேர் வரைதான் கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் பத்து ஏக்கர் மாந்தோப்பு உள்ளவருக்குக்கூட 4,800 ரூபாய்க்கு மேல் வரவில்லை. ஏக்கருக்குப் பார்த்தால் 480 ரூபாய். 2025-ல் வழிகாட்டுதலைத் திருத்தியபோது செலவுக் கணக்குகளைப் பொதுவாக உயர்த்தினார்கள். அதனால் இந்த ஆண்டுத் தொகையை உங்கள் வட்டார தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எப்படியானாலும் இது பெரிய பணம் இல்லை. 

விண்ணப்பிக்க தோட்டக்கலைத் துறையின் டிஎன்ஹார்ட்நெட் இணையதளமோ உழவன் செயலியோ போதும். இணையம் வராது என்றால் உதவி தோட்டக்கலை அலுவலரைப் பாருங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், போட்டோ ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். அடங்கலில் பயிர் பெயர் சரியாக இருக்கிறதா என்று போகும் முன்பே பார்த்துவிடுங்கள். தோப்பில் மா நிற்கும், அடங்கலில் பழைய மானாவாரிப் பயிர் இருக்கும். கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

இதில் காலண்டர் ஒரு தகராறு செய்யும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வட்டாரத்துக்கு இலக்கு ஒதுக்கீடு வந்துசேர நாளாகும். மாவுக்கோ அறுவடைக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே பொறி தொங்க வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அது மார்ச், ஏப்ரல். காய் முற்றிய பிறகு ஓடினால் அந்த ஆண்டுக்குப் பொறி கிடைக்காது. மழைக்காலத்திலேயே பதிவு செய்து, தை மாதத்துக்குள் பொருளை வாங்கி வைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

சரி, பொறியை மாட்டினால் ஈ கட்டுப்படுமா?

பொறிக்குள் இருக்கும் கவர்ச்சிப் பொருள் மீத்தைல் யூஜினால். துளசியிலும் இது உண்டு. இதன் கதை பிகாரில் உள்ள பூசாவில் தொடங்குகிறது. அங்கே பூச்சியியல் அறிஞராக இருந்த ஹவ்லெட், சிட்ரோனெல்லா எண்ணெய் பழ ஈக்களை இழுப்பதை 1912-ல் எழுதினார். இழுத்தது அதிலுள்ள மீத்தைல் யூஜினால். வந்து மொய்த்தவை எல்லாம் ஆண் ஈக்கள். இன்றைக்கும் அப்படித்தான்: இந்தப் பொறியில் விழுவது ஆண் மட்டும். காயைக் குத்தி முட்டை வைப்பது பெண். ஆண்களைத் தீர்த்துவிட்டால் பெண்ணுக்கு இணை கிடைக்காது, முட்டை பொரியாது என்பதே இதன் கணக்கு.

ஆனால் ஒரு ஆண் பல பெண்களோடு சேரும். நூறில் தொண்ணூறைப் பிடித்தாலும் மிச்சமுள்ள பத்து போதும். கிட்டத்தட்ட எல்லா ஆண்களும் ஒழிந்தால்தான் பலன் தெரியும். பசிபிக்கில் உள்ள ரோட்டா தீவில் 1960-களில் மீத்தைல் யூஜினாலும் பூச்சிமருந்தும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டு, இந்த ஈயை அடியோடு ஒழித்தார்கள். அது தீவு. சுற்றிலும் கடல், வெளியிலிருந்து ஈ வர வழியில்லை. நம் தோப்புக்கு வேலி உண்டே தவிர கடல் இல்லை. பக்கத்துத் தோப்பில் ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஈ பறந்து வந்து நம் காயில் முட்டை வைக்கும்போது, நம் பொறி அதை ஏறெடுத்தும் பார்க்காது.

அதனால் ஒரே ஒரு தோப்பில் மாட்டும் பொறி பெரும்பாலும் கணக்கெடுக்கும் கருவிதான். ஈ வந்துவிட்டதா, கூடுகிறதா என்று சொல்லும். அதற்கு ஏக்கருக்கு இரண்டு மூன்று போதும். கட்டுப்படுத்த வேண்டுமென்றால் வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 25, ஏக்கருக்குப் பத்து. அதையும் ஊரே சேர்ந்து மாட்ட வேண்டும். 2000-களில் இந்தியாவில் தனித்தனித் தோட்டமாகவும் ஊர் முழுக்கவும் மாட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஊர் முழுக்கச் செய்த இடத்தில்தான் சேதம் நன்றாகக் குறைந்தது. என் கருத்தில் இந்த மானியத்தை ஒரு ஆள் தனியாக வாங்குவது பாதி வீண். உழவர் ஆர்வலர் குழுவோ உற்பத்தியாளர் நிறுவனமோ இருந்தால், அடுத்தடுத்த சர்வே எண்களாகச் சேர்த்து ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். அலுவலருக்கும் ஒரே இடத்தில் ஆய்வு முடியும்.

பொறி வாங்கும்போது பயிரைச் சொல்லி வாங்குங்கள். மாவைத் தாக்கும் ஈ வேறு, கொடிக்காயைத் தாக்கும் ஈ வேறு. மா, கொய்யாவுக்கு மீத்தைல் யூஜினால். பாகல், புடலை, பீர்க்கு, பூசணிக்கு கியூ லூர் என்ற வேறொரு கவர்ச்சிப் பொருள். மாற்றி மாட்டினாலும் பொறி நிறையும், ஏனென்றால் அக்கம்பக்கத்து மா ஈ வந்து விழும். பந்தலில் பாகற்காய் மட்டும் உதிர்ந்துகொண்டே இருக்கும். கியூ லூரின் இழுவிசையும் சற்றுக் குறைவு; கொடிக்காய்களில் அதை மட்டும் நம்ப முடியாது. பெண் ஈயும் தேடி வருவது புரதத்தையும் இனிப்பையும். கருவாட்டுப் பொறி அதனால்தான் அங்கே பயன்படுகிறது: பாலிதீன் பையில் துளை போட்டு, ஐந்து கிராம் கருவாட்டுத் தூளை நனைத்து வைத்து, ஹெக்டேருக்கு 50 பொறி.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய கையேடுகளில் கருவாட்டோடு டைக்குளோர்வாஸ் நனைத்த பஞ்சு வைக்கச் சொல்லியிருக்கும். அந்த மருந்துக்கு 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாலத்தியான் என்ற பூச்சிமருந்துக்கும் 2023-ல் சில பயிர்களில் கட்டுப்பாடு வந்திருக்கிறது. உங்கள் பயிருக்கு எது அனுமதி என்று அலுவலரிடம் கேட்டபின் ஊற்றுங்கள்.

பொறியை ஆள் உயரத்தில், நிழலில், காற்றோட்டமான கிளையில் கட்டுங்கள். கம்பியில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் எறும்பு இறங்கி ஈயைத் தின்னாது. கவர்ச்சிப் பொருள் ஊறிய கட்டையின் வீரியம் ஒன்றரை, இரண்டு மாதம். மாற்றும் தேதியைப் பொறியிலேயே எழுதி வையுங்கள். மா ரகங்களில் செந்தூரா தப்பித்துக்கொள்ளும் ஆண்டிலும் நீலம் ஈயிடம் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மழை தொடங்கியதும் ஈ பெருகும்; கடைசியாகப் பழுக்கும் ரகத்துக்குத்தான் அடி விழும். பெங்களூராவை அறுத்த கையோடு பொறியைக் கழற்றிவிட்டால் நீலத்துக்குக் காவல் இருக்காது.

காய்க்குள் இறங்கிவிட்ட புழுவைப் பொறி ஒன்றும் செய்யாது. அது பழத்தோடு உதிர்ந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஈயாக எழும்பும். உதிர்ந்ததை வாரத்துக்கு இரண்டு முறையாவது பொறுக்கி, இரண்டடிக் குழியில் போட்டு மூடுங்கள். கோடையில் மரத்தடி மண்ணைக் கிளறி விடுங்கள். இதற்கு மானியம் இல்லை, கூலி மட்டும்தான். ஆனாலும் பொறியின் பலனில் பாதி இதைப் பொறுத்தது.

அரசு இதில் ஏன் காசு போடுகிறது என்பதற்கு ஏற்றுமதியும் ஒரு காரணம். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தோடு பாகல், புடலை, கத்தரி, சேம்பு ஆகியவற்றையும் நிறுத்திவைத்தது. முந்தைய ஆண்டு போன சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் சிக்கியதுதான் காரணம். மாம்பழத்துக்கு 2015-ல் கதவு திறந்தது. காய்கறிகள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது.

விண்ணப்பத்தில் வராத மரம் ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு: கொல்லைப்புறக் கொய்யா. மா இல்லாத மாதங்களில் ஈ அங்கேதான் குடியிருக்கும். சிட்டாவில் இல்லாத அந்த மரத்துக்கும் ஒரு பொறியை உங்கள் கைக்காசில் வாங்கி மாட்டுங்கள்.