ஈரல் துண்டை எந்தப் போத்தலில் போடுகிறோம்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் மகளோடு வந்தார். இரண்டு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல், உடம்பு பாதியாகிவிட்டது. மூட்டுவாதத்துக்காகப் பல வருடம் ஸ்டீரொய்ட் குளிசை எடுத்தவர். நெஞ்சுப் படம் சுத்தம். இரத்தத்தில் ஈரல் கோளாறைக் காட்டும் அல்கலைன் பொஸ்படேஸ் மட்டும் நன்றாக ஏறியிருந்தது.

வேறோர் இடத்தில் ஏற்கெனவே ஈரல் பயொப்சி, அதாவது ஊசியால் ஈரலில் சின்னத் துண்டெடுத்துப் பார்க்கும் பரிசோதனை, செய்திருந்தார்கள். அறிக்கையில் கிரனுலோமா என்னும் அழற்சி முடிச்சுகள், அவற்றுக்குள் சிவப்புக் குச்சிக் கிருமிகள். காசநோய் மருந்து தொடங்கி ஆறு கிழமையாகியும் காய்ச்சல் விடவில்லை.

காசநோய்க் கிருமிக்கு மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் உறவுக்காரக் கிருமிகள் நிறைய உண்டு. ஸ்டீரொய்ட் எடுத்த இவரைப் போல நோயெதிர்ப்பு குறைந்தவர்களிடம் அவை இரத்தம் வழியாக ஈரலுக்கும் போய்விடும். சாயமேற்றிப் பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்புக் குச்சிதான். எது என்று சொல்ல, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை வேண்டும். ஆனால் அந்தத் துண்டு முழுவதும், திசு கெடாமல் வைக்கும் ஃபோர்மலின் திரவத்துக்குள் போயிருந்தது. ஃபோர்மலினில் கிருமி செத்துவிடும். அப்புறம் எதை வளர்ப்பது?

"திரும்பவும் குத்தணுமா டொக்டர்?" என்று அந்த அம்மா கேட்டது எனக்கு இன்னும் வலிக்கிறது. நூல் தடிப்பில் இரண்டு துண்டு எடுத்தோம். ஒன்று ஃபோர்மலினில், மற்றது கிருமி நீக்கிய உப்புநீரான சேலைனில், கல்ச்சருக்காக. இந்த ஒரு சின்னப் போத்தல் முதல் தடவையே இருந்திருந்தால் இரண்டாவது ஊசி தேவைப்பட்டிருக்காது.

காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையில் அந்தக் கிருமி தெரியவில்லை. அது மட்டும் போதாது, ஈரல் துண்டில் அது தவறவிடலாம். ஆனால் சிவப்புக் குச்சிகள் நிறையத் தெரிந்தும் ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்றால் சந்தேகப்பட வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனையும் கட்டாயம், அவருக்கு அது இல்லை. ஏழாவது கிழமை கல்ச்சர் பதில் சொன்னது: மைக்கோபக்டீரியம் ஏவியம் வகை, அந்த மண், தண்ணீர்க் கிருமிகளில் ஒன்று.

மருந்தே மாறியது. காசநோய்க்குக் கொடுக்கும் பைராசினமைட் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது, ஈரலைத்தான் கெடுக்கும். அசித்ரோமைசினும் எதம்பியூட்டோலும் ரிஃபாம்பிசினும் சேர்த்து, ஒரு வருடத்துக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். இதை வாசித்துவிட்டு யாரும் காசநோய் மருந்தைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் அது காசநோய்தான். பயொப்சிக்குப் போகும்போது "கல்ச்சருக்கும் அனுப்புவீங்களா டொக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

மகள் கேட்டது மருந்தைப் பற்றியல்ல. லயத்து அறையில் அம்மாவின் தட்டு, கோப்பை, பாய் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். "சின்னவன் அம்மாயிகிட்ட படுக்கலாமா?"

இந்தக் கிருமி ஈரலில் இருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. படுக்கலாம் என்றேன்.